சேலத்திலும் ஏற்காட்டிலும் ஈஸ்ட் வளர்ப்பை ஒளி சென்சாரால் கண்காணிப்பது: முழுமையான வழிகாட்டி

மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து எடுத்த சர்க்கரையில் ஈஸ்ட் வளர்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறக்காமல், மணிக்கொரு தரம் மாதிரி உறிஞ்சாமல், மூன்று விஷயம் தெரிய வேண்டும்: உள்ளே ஈஸ்ட் எவ்வளவு, ஆக்சிஜன் போதுகிறதா, சர்க்கரை எப்போது தீர்கிறது. மூன்றையும் ஒளியை வைத்தே அறியலாம். ஒரு சிக்கல் மட்டும் கடைசி வரை கூடவே வரும். பாட்டிலுக்குள் ஒளியைச் சிதறடிக்கும் எதுவாக இருந்தாலும் சென்சார் அதை ஈஸ்ட் என்றே சொல்லும். காற்றுக் குமிழி, வேகாத மாவு, நுரை அடக்கும் எண்ணெய், கண்ணாடியில் படிந்த வழவழப்பு எல்லாம் அதற்கு ஒன்றுதான். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த ஏமாற்றத்தைத் தடுப்பதற்கானவை.

கல்லூரி ஆய்வகத்தில் இரண்டாயிரம் மி.லி. பாட்டிலில் செய்யும் அளவுக்கு எழுதியிருக்கிறோம். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஏற்காட்டுக் காப்பித் தொட்டிக்கும் எது ஒத்துவரும், எது வராது என்பது கடைசியில் இருக்கிறது.

எந்த ஒளி

ஆய்வகத்தில் ஓ.டி. (ஒளி அடர்த்தி; கரைசல் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற எண்) பார்ப்பது 600 நானோமீட்டரில். தெளிவான கரைசலுக்கு அது சரி. மாவுச் சர்க்கரையைக் காய்ச்சினால் பழுப்பு நிறம் ஏறும். அந்த நிறமும் 600-இல் கொஞ்சம் ஒளியை விழுங்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போகிறோம்.

அகச்சிவப்பு எல்.இ.டி. என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் டி.வி. ரிமோட்டில் இருக்கும் 940 நானோமீட்டர் வகையைத்தான் கொடுப்பார்கள். அது வேண்டாம். தண்ணீரே 970-ஐ ஒட்டி ஒளியை விழுங்குகிறது. அந்த விழுங்கல் வெப்பநிலையைப் பொறுத்து மாறவும் செய்யும். சி.சி.டி.வி. கேமராவில் இருக்கும் 850 நானோமீட்டர் வகையைக் கேட்டு வாங்குங்கள். இருட்டில் பார்த்தால் 850 மங்கலாகச் சிவந்து தெரியும், 940 தெரியாது. கலங்கல் அளவீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 7027 தரமும் இதே பக்கம்தான் நிற்கிறது: 860 நானோமீட்டர், 90 டிகிரிக் கோணம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். அலைநீளம் கூடினால் சிதறல் குறையும். அதே ஈஸ்ட், 600-இல் காட்டும் எண்ணைவிட 850-இல் குறைவாகவே காட்டும். பிழை இல்லை, இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

2 லிட்டர் போரோசிலிகேட் பாட்டில், மூடியில் நான்கு துளை. காந்தக் கலக்கி. மீன்தொட்டிக் காற்றுப் பம்பு, 0.2 மைக்ரான் வடிகட்டி இரண்டு (காற்று உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று). 12 வோல்ட் பெரிஸ்டால்டிக் பம்பு (குழாயை நசுக்கித் தள்ளும் வகை). உள்விட்டம் 4 மி.மீ. சிலிக்கோன் குழாய் ஒரு மீட்டர். வெளிவிட்டம் 8, உள்விட்டம் 6 மி.மீ. கண்ணாடிக் குழாய், 8 செ.மீ. நீளத்தில் இரண்டு; ஒன்று உடைந்தால் மற்றது.

மின்னணுப் பக்கம்: 850 நானோமீட்டர் 5 மி.மீ. எல்.இ.டி. ஒன்று, பி.பி.டபிள்யூ.34 போட்டோடையோடு (ஒளியை மின்னோட்டமாக்கும் கண்) இரண்டு, எம்.சி.பி.6002 ஆப்-ஆம்ப் (அந்த மின்னோட்டத்தைப் பெருக்கி வோல்ட்டாக்கும் சில்லு) ஒன்று, ஏ.டி.எஸ்.1115 பலகை (வோல்ட்டை எண்ணாக மாற்றும்), இ.எஸ்.பி.32 பலகை (எல்லாவற்றையும் இயக்கும் சிறு கணினி), பி.சி.547 டிரான்சிஸ்டர், டி.எஸ்.18பி20 வெப்பமானி, பி.எம்.பி.280 காற்றழுத்தமானி, சில மின்தடைகள். காற்றழுத்தமானி எதற்கு என்பது ஆக்சிஜன் பகுதியில் தெரியும். சேலத்தில் அது இல்லாமல் சமாளிக்கலாம், ஏற்காட்டில் முடியாது.

அர்டுயினோ உனோ கையில் இருக்கிறதே, அதன் அனலாக் முனையே போதாதா என்று கேட்கலாம். போதாது. 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்தால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். தெளிந்த நீரில் 2.4 வோல்ட் வரும் ஒளி, ஓ.டி. 2-இல் நூறில் ஒன்றாகி 24 மில்லிவோல்ட் ஆகும். உனோவுக்கு அது வெறும் ஐந்து படி. ஏ.டி.எஸ்.1115-ஐ 4.096 வோல்ட் எல்லையில் வைத்தால் ஒரு படி 0.125 மில்லிவோல்ட், அதே 24 மில்லிவோல்ட் 192 படி. இ.எஸ்.பி.32-க்குள் இருக்கும் மாற்றி நேர்கோட்டில் நடக்காது, அதையும் நம்ப வேண்டாம்.

சென்சார் கட்டை

பம்பு இழுக்கும் கரைசல் கண்ணாடிக் குழாய் வழியே ஓடிப் பாட்டிலுக்கே திரும்பும். அந்தக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கறுப்புக் கட்டை ஒன்று வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கட்டையில். கரைசலைத் தொடுவது கண்ணாடியும் சிலிக்கோனும் மட்டும். குக்கரில் வைத்து எடுத்த குழாயைக் கட்டைக்குள் சொருகினால் வேலை முடிந்தது. இந்த அமைப்பின் முழு லாபமும் இதில்தான்.

1. கறுப்பு நைலான் துண்டை லேத்தில் கடைந்தோ 3டி பிரிண்ட் செய்தோ, நடுவில் 8.2 மி.மீ. துளை நெட்டாகப் போடுங்கள்.

2. குறுக்கே எல்.இ.டி.க்கு ஒரு 5 மி.மீ. துளை. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 மி.மீ. விட்டத்தில் சிறு துவாரம் மட்டும் விடுங்கள்.

3. நேர் எதிரே முதல் போட்டோடையோடு. கண்ணாடியிலிருந்து 10 மி.மீ. தள்ளி, இங்கும் 2 மி.மீ. துவாரம்.

4. எல்.இ.டி.க்கு 90 டிகிரியில், கண்ணாடியை ஒட்டி, இரண்டாவது போட்டோடையோடு. இதற்குத் துவாரம் பெரிதாக இருக்கலாம்.

5. வெப்பமானியை எல்.இ.டி.யின் அருகில் கட்டைக்குள் புதையுங்கள்.

எதிரே இருப்பதை ஏன் 10 மி.மீ. தள்ளி வைக்கிறோம்? ஈஸ்ட் செல் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே, சிறிய கோணத்தில் சிதறடிக்கும். போட்டோடையோடு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் சிதறிய ஒளியும் சிதறாத ஒளியும் சேர்ந்தே விழும்; ஓ.டி. குறைவாகத் தெரியும். ஒரே மாதிரியை இரண்டு கல்லூரியின் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் இரண்டு எண் வருவதற்கும் இதுவே காரணம். யாருடைய கருவியும் கெட்டுப்போகவில்லை. கண் வைத்திருக்கும் இடம் வேறு.

3டி பிரிண்ட் செய்பவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் சில பிளாஸ்டிக் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி. எல்.இ.டி.யை எரியவிட்டுக் கட்டையை இருட்டில் மொபைலின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். சுவர் வழியே ஒளி கசிந்தால், சுவரைத் தடிமனாக்குவது வீண். வெளியே அலுமினியத் தகடு ஒட்டுங்கள், உள்ளே பளபளக்காத கறுப்புப் பெயின்ட் அடியுங்கள்.

சுற்று

எல்.இ.டி.க்கு 5 வோல்ட்டிலிருந்து 180 ஓம் வழியாக மின்சாரம், கீழே பி.சி.547, அதன் பேஸ் 1 கிலோ ஓம் வழியாக இ.எஸ்.பி.32-இன் ஒரு முனைக்கு. எல்.இ.டி.யில் 1.5 வோல்ட்டும் டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட்டும் போக, சுமார் 18 மில்லி ஆம்பியர் ஓடும்.

போட்டோடையோடின் கேதோடு ஆப்-ஆம்பின் கழித்தல் முனைக்கு, ஆனோடு கிரவுண்டுக்கு. வெளியீட்டிலிருந்து கழித்தல் முனைக்கு ஒரு மின்தடை. அதற்கு இணையாக 100 பிக்கோஃபாரட். எதிரே இருப்பதற்கு 100 கிலோ ஓமில் தொடங்குங்கள். குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது வெளியீடு 2.5 வோல்ட் வரும்படி மின்தடையை மாற்றுங்கள். பக்கவாட்டில் இருப்பதற்கு அதைப்போல் பத்து மடங்கு. கூட்டல் முனையைக் கிரவுண்டில் வைக்காமல், 33 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் சேர்த்து 3.3 வோல்ட்டைப் பிரித்து, 0.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். எந்த ஆப்-ஆம்பும் சரியாகப் பூஜ்யம் வரை இறங்காது. அடியில் ஒட்டிக்கொண்டால் குறைந்த ஒளி அத்தனையும் ஒரே எண்ணாகத் தெரியும். ஆப்-ஆம்ப், ஏ.டி.எஸ்.1115 இரண்டுக்கும் 3.3 வோல்ட்டே கொடுங்கள்.

வோல்ட்டிலிருந்து ஓ.டி.

எல்.இ.டி. அணைந்திருக்கும்போது ஒரு அளவு, எரியும்போது ஒரு அளவு. இரண்டின் வித்தியாசமே நமக்கு வேண்டியது. ஜன்னல் வெளிச்சம், 0.1 வோல்ட் அடித்தளம் இரண்டும் இந்தக் கழித்தலில் போய்விடும். டியூப் லைட் மட்டும் போகாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஆகவே ஒவ்வொரு அளவையும் 100 மில்லி நொடிக்குச் சராசரி எடுங்கள். பத்து மினுக்கல் முழுதாக உள்ளே அடங்கும். ஏ.டி.எஸ்.1115-ஐ நொடிக்கு 860 வேகத்தில் வைத்தால் 86 அளவு.

ஓ.டி. என்பது, பிளாங்க் (ஈஸ்ட் சேர்க்காத வெறும் கரைசல்) வித்தியாசத்தை இப்போதைய வித்தியாசத்தால் வகுத்து, பத்தின் அடிமானத்தில் மடக்கை எடுத்தால் வருவது. பாதை 6 மி.மீ.; ஸ்பெக்ட்ரோமீட்டரில் மாதிரி வைக்கும் ஒரு செ.மீ. குவெட்டோடு ஒப்பிட 0.6-ஆல் வகுக்க வேண்டும்.

எல்.இ.டி. சூடேறினால் மங்கும். 850 நானோமீட்டர் வகையில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய அரை சதவீதம். காலை ஏழு மணிக்கு 26 டிகிரியில் தொடங்கி, சேலத்துச் சித்திரை மதியம் அறை 36 டிகிரி ஆனால் ஒளி 5 சதவீதம் குறையும். செல் ஒன்றுகூடக் கூடாமல் ஓ.டி. 0.02 ஏறியிருக்கும். தொடக்க ஓ.டி. 0.1 என்றால் இது ஐந்தில் ஒரு பங்குப் பிழை. குழாயில் தண்ணீரை வைத்து ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, வெப்பத்துக்கு எதிராக ஒளியை வரைந்து, அந்தச் சாய்வை வைத்துத் திருத்துங்கள். எல்.இ.டி.யைத் தொடர்ந்து எரிய விடாமல் ஒவ்வொரு அளவுக்கும் 150 மில்லி நொடி மட்டும் எரித்து, முதல் 50-ஐ விட்டுவிட்டு மீதியை எடுங்கள்.

கரைசல்: சேலத்துச் சரக்கில் வரும் சேலத்துத் தொல்லை

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு மாவு எளிதில் கிடைக்கும். திப்பி (கிழங்குச் சக்கை) கலக்காத வெள்ளை மாவாக எடுங்கள். நார் கலந்தால் பிளாங்க் எடுப்பதே பாடாகும்.

1. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மாவைக் கரையுங்கள். பி.எச். 6.

2. மாவை உடைக்கும் நொதியான ஆல்ஃபா அமைலேஸில் வெப்பம் தாங்கும் வகையை டப்பாவில் போட்ட அளவில் சேர்த்து, கிளறியபடியே 90 டிகிரிக்கு ஏற்றுங்கள். அறுபதைத் தாண்டும்போது கூழாகக் கெட்டியாகும், பிறகு இளகும். ஒரு மணி நேரம்.

3. 60 டிகிரிக்கு ஆற்றி, பி.எச். 4.5 ஆக்கி, குளுக்கோஅமைலேஸ் சேர்த்து இரவு முழுக்க வையுங்கள்.

4. ஒரு சொட்டு எடுத்து ஆற்றி, அயோடின் விடுங்கள். நீலமோ ஊதாவோ வந்தால் மாவு மீதி இருக்கிறது. இன்னும் சில மணி நேரம் விடுங்கள்.

5. துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடியுங்கள். ஒரு கிராம் மாவு முழுதும் உடைந்தால் 1.11 கிராம் குளுக்கோஸ். மாவில் ஈரம் உண்டு என்பதால் கணக்கை நம்பாமல் குளுக்கோஸை அளந்து, லிட்டருக்கு 20 கிராம் ஆகும்படி நீர்க்க வையுங்கள்.

நான்காம் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். உடையாத மாவு ஆறும்போது மெல்லத் திரியும். முதல் மூன்று மணி நேரம் ஈஸ்ட் அபாரமாக வளர்வதுபோல் வரைபடம் ஏறும்; மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல் இருந்த அளவே இருக்கும்.

உப்புகள், லிட்டருக்கு: அம்மோனியம் சல்பேட் 5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 2 கிராம், பி.எச். 5. போர் தண்ணீரில் கலக்காதீர்கள். மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊரின் நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருப்பதைத் தனியே சொல்ல வேண்டுமா! பாஸ்பேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் வெண்படிவு விழும், பிளாங்க்கே கலங்கும். வாலை நீரோ ஆர்.ஓ. நீரோ எடுங்கள். சர்க்கரையைத் தனியாக, உப்பைத் தனியாகக் குக்கரில் வையுங்கள். சேர்த்து வைத்தால் சர்க்கரையும் அம்மோனியமும் கூடிப் பழுப்பேறும்.

குக்கர் விஷயத்தில் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குக்கர் எடைக்கல் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே 15 பவுண்டு. சேலத்தில் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி கிடைத்துவிடும். 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 850 ஹெக்டோபாஸ்கல்தான். அதே 15 பவுண்டுக்கு 118 டிகிரிதான் வரும். இரண்டு டிகிரிதானே என்று விடக் கூடாது. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் கிருமி சாக ஆகும் நேரம் பத்து மடங்கு. இரண்டு டிகிரிக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். கீழே 15 நிமிடம் போதுமென்றால் மேலே பாதுகாப்பாக 30 நிமிடம் வையுங்கள்.

காலிபரேஷன்

முந்தின இரவு வளர்த்த ஈஸ்டைச் சென்ட்ரிஃபியூஜில் அடியில் இறக்கி, 0.9 சதவீத உப்புநீரில் கழுவி, அடர்த்தியாகக் கரையுங்கள். அதை முழுமை, பாதி, கால் என்று அறுபத்து நான்கில் ஒரு பங்கு வரை ஏழு படியாக நீர்க்க வையுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டு இரண்டு போட்டோடையோடின் எண்ணையும் எழுதுங்கள். அதே மாதிரியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் 0.4-க்குக் கீழே வரும்வரை நீர்க்கவைத்து 600-இல் அளந்து, நீர்த்த மடங்கால் பெருக்குங்கள். 0.4-க்கு மேல் ஒளி ஒரு செல்லில் பட்டுத் தெறித்து இன்னொரு செல்லில் பட்டுத் திரும்பவும் உள்ளே வரும். நேர்கோடு வளையத் தொடங்கும்.

கடைசியாக உலர் எடை. மாதிரி 10 மி.லி., முன்பே உலர்த்தி எடை பார்த்த குழாயில், இரண்டு முறை கழுவி, 80 டிகிரியில் 24 மணி நேரம், 0.1 மில்லிகிராம் தராசு. மூன்று குழாய் வையுங்கள். இந்த எடைதான் உண்மை. ஓ.டி. அதற்குப் போட்ட பெயர்.

நேர் எதிர் போட்டோடையோடு அடர்த்தி ஏறியதும் வளையும். அதற்கு இரண்டாம் படிச் சமன்பாடு பொருத்துங்கள். பக்கவாட்டுப் போட்டோடையோடு தொடக்கத்தில், நேர் எதிருக்கு எதுவுமே தெரியாத நேரத்தில், நன்றாகப் பேசும். கொஞ்சம் அடர்த்தியானதும் ஏறுவதை நிறுத்தி, பிறகு இறங்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு அடர்த்தி பொருந்தும் அந்த இடத்தைக் குறித்து வைத்து, அதற்கு மேல் பக்கவாட்டு எண்ணைத் தூக்கி எறியுங்கள்.

ஆக்சிஜன்

1950-களில் லேலண்ட் கிளார்க் செய்த மின்முனை ஆக்சிஜனைத் தானே தின்று அளக்கும். சவ்வு, கரைசல் மாற்ற வேண்டும். ஒளி வகை வேறு. ருத்தேனியம் அல்லது பிளாட்டினம் சேர்ந்த சாயத்தைப் பாலிமரில் கலந்து சிறு பொட்டாக ஒட்டியிருப்பார்கள். நீல அல்லது சிவப்பு ஒளி பட்டால் அது வேறு நிறத்தில் ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு மோதினால் ஒளிர்வு சீக்கிரம் அணையும். எவ்வளவு சீக்கிரம் என்பதைக் கருவி கட்ட வித்தியாசமாக (பாய்ச்சிய ஒளிக்கு ஒளிர்வு எவ்வளவு பின்தங்குகிறது என்று) அளக்கும். ஒளியின் பிரகாசத்தை அல்லாமல் நேரத்தை அளப்பதால், கண்ணாடி கொஞ்சம் அழுக்கானாலும் எண் அதிகம் நகராது. பொட்டும் கருவியும் விலைக்கு வாங்க வேண்டியவை. இதைக் கையால் செய்யச் சொல்ல மாட்டோம்.

பொட்டைப் பாட்டிலின் உட்சுவரில், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், காற்று வரும் குழாய்க்கு எதிர்ப்பக்கம் ஒட்டுங்கள். குமிழி நேராக மோதினால் பொட்டு குமிழியின் ஆக்சிஜனைப் படிக்கும், கரைசலினதை அல்ல. குக்கரைத் தாங்கும் வகைதானா என்று வாங்கும்போதே கேளுங்கள். அசிட்டோன், டொலுவீன் படவே கூடாது; பாலிமர் கரையும். பத்து முதல் முப்பது நொடிக்கு ஒருமுறை படித்தால் போதும். நொடிக்கு நொடி படித்தால் சாயம் வெளுத்துப்போகும்.

இரண்டு புள்ளிக் காலிபரேஷன், இரண்டும் வளர்ப்பு வெப்பநிலையான 30 டிகிரியில், குக்கரிலிருந்து வந்த பிறகு. பூஜ்யத்துக்கு நைட்ரஜன் ஊதுங்கள். தனிப் பொட்டைச் சோதிப்பதானால் 100 மி.லி. நீரில் 2 கிராம் சோடியம் சல்ஃபைட் போதும்; வளர்ப்புக் கரைசலில் அதைப் போடாதீர்கள். நூறுக்கு, கரைசலில் அரை மணி நேரம் காற்று ஊதுங்கள்.

இப்போது காற்றழுத்தமானி. இந்தப் பொட்டு அளப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம். லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று மாற்ற, கருவி காற்றழுத்தத்தைக் கேட்கும். மொபைல் வானிலைச் செயலி காட்டும் 1010 ஹெக்டோபாஸ்கலைப் போட்டுவிடுகிறார்கள். அது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட எண். சேலம் நகரத்தில் உண்மையில் இருப்பது 980-ஐ ஒட்டி, ஏற்காட்டில் 850-ஐ ஒட்டி. பி.எம்.பி.280 காட்டும் நேர் அழுத்தத்தையே போடுங்கள். கடல் மட்டத்தில் 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8.26 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், ஏற்காட்டில் அதே 25 டிகிரியில் சுமார் 6.9 மி.கி. தான். சேலத்தில் 30 டிகிரியில் சுமார் 7.3. சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

சேலத்தில் நூறு என்று காலிபரேஷன் செய்த கருவி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் காற்று நிறைந்த நீரில் 86 காட்டும். கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே போய் மறுபடி நூறு வையுங்கள். அறிக்கையில் சதவீதத்தோடு மி.கி.யும் எழுதுங்கள்.

வெளியேறும் கரியமில வாயுவை 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் அளக்கும் மலிவு சென்சாரைச் சேர்ப்பவர்களுக்கும் இதே கதை: அது எண்ணுவது மூலக்கூறை, ஆகவே மலையில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகக் காட்டும். அதோடு அதன் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். நாளின் மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று அதுவாகவே முடிவுகட்டும். ஃபெர்மென்டருக்குள் (நம் வளர்ப்புப் பாட்டிலுக்குள்) வெளிக்காற்று ஏது?

ஓட்டுவது

1.2 லிட்டர் கரைசல், 30 டிகிரி. நுரை அடக்கும் சிலிக்கோன் எண்ணெய் போடுவதென்றால் லிட்டருக்கு 0.1 மி.லி., பிளாங்க் எடுக்கும் முன்பே போடுங்கள். நடுவில் போட்டால் ஓ.டி. துள்ளும், போட்ட நேரத்தையாவது குறித்து வையுங்கள்.

பம்பை நிமிடத்துக்கு 30 மி.லி. வேகத்தில் வையுங்கள். குழாய்ச் சுற்று 60 செ.மீ.க்குள் இருந்தால் உள்ளே 7.5 மி.லி. தான், 15 நொடியில் திரும்பிவிடும். நீளமாக விட்டால் செல்கள் வழியிலேயே மூச்சு முட்டும். கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கரைசல் கீழிருந்து மேலே போகும்படி இணையுங்கள். குமிழி தானே மிதந்து போகும். 20 நொடி ஓட்டம், 5 நொடி நிறுத்தம், பிறகு அளவு. ஈஸ்ட் அந்த ஐந்து நொடியில் படிந்துவிடாது. ஆறு அளவின் நடுமதிப்பை எடுங்கள், சராசரியை வேண்டாம். ஒரு குமிழி போதும் சராசரியைக் கெடுக்க.

0.2 கிராம் உலர் ஈஸ்டை 10 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்து விடுங்கள். கடை ஈஸ்டில் பாக்டீரியாவும் கூட வரும். பயிற்சிக்குப் பரவாயில்லை, அளவீடு வெளியிடுவதென்றால் தட்டில் பிரித்த ஒற்றைக் காலனியிலிருந்து தொடங்குங்கள்.

ஓ.டி.யின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்து, அரை மணி நேரத் துண்டில் சாய்வைப் பாருங்கள். சாய்வு மணிக்கு 0.4 என்றால், 0.693-ஐ அதால் வகுக்க, 1.7 மணி நேரத்தில் இரட்டிக்கிறது.

ஆக்சிஜன் கோடுதான் சுவாரசியம். ஈஸ்ட் பெருகப் பெருகக் கீழே இறங்கும். காற்று நன்றாகப் போனாலும், சர்க்கரை அதிகம் என்றால் ஈஸ்ட் அதில் பெரும் பங்கைச் சாராயமாக்கும். குளுக்கோஸ் தீர்ந்த கணத்தில் மூச்சு தளரும். கோடு சட்டென மேலே குதிக்கும். கொஞ்ச நேரத்தில் தான் ஆக்கிய சாராயத்தையே எரிக்கத் தொடங்கும்; கோடு மறுபடி இறங்கும். அந்தக் குதிப்பைப் பார்த்துச் சர்க்கரையைச் சொட்டு விட்டால் தனிக் குளுக்கோஸ் சென்சாரே வேண்டாம்.

ஈஸ்டின் மூச்சை அளக்க, காற்றை நிறுத்தி இறங்கும் வேகம் பாருங்கள். 80 சதவீதத்திலிருந்து 40-க்கு வர 40 நொடி ஆனால் நொடிக்கு ஒரு சதவீதம், 7.3 மி.கி.யில் அது 0.073 மி.கி., மணிக்கு லிட்டருக்கு 263 மி.கி. பத்து சதவீதத்துக்குக் கீழே போக விடாதீர்கள். பொட்டே மாற்றத்தை உணர அரை நிமிடம் எடுக்கும் வகை என்றால் இந்தக் கணக்கு பொய். பூஜ்ய நீரிலிருந்து காற்று நீருக்கு மாற்றி, 90 சதவீதம் எட்ட எத்தனை நொடி என்று முதலில் பாருங்கள்.

அம்மோனியத்தைத் தின்னும் ஈஸ்ட் கரைசலைப் புளிக்க வைக்கும், கவனிக்காவிட்டால் பி.எச். 3-க்குக் கீழே போகும். பி.எச்.சுக்கும் ஒளிப் பொட்டு விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை 5.5 முதல் 8.5 வரைக்கானவை, விலங்கு செல் வளர்ப்புக்குச் சரி, ஈஸ்டுக்கு வீண் செலவு. கண்ணாடி மின்முனையே வைத்து, இரண்டு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டு விடுங்கள்.

எண் பொய் சொல்லும்போது

ஓ.டி. படிப்படியாக இல்லாமல் மரக்கிளைபோல் மேலே மட்டும் குத்துகிறதா: குமிழி. பம்பு உறிஞ்சும் முனை காற்றுத் துவாரத்தின் அருகில் இருக்கும், தள்ளி வையுங்கள்.

வளர்ச்சி நின்ற பிறகும் மெல்ல ஏறிக்கொண்டே போகிறதா: கண்ணாடியில் படலம். பம்பை மும்மடங்கு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எண் இறங்கினால் சந்தேகம் உறுதி. அடுத்த முறைக்கு முன் குழாயை 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து அலசுங்கள்.

ஓ.டி. குறைந்து, கரைசலில் துகள் தெரிகிறதா: ஈஸ்ட் கட்டியாகத் திரண்டுவிட்டது. ஆயிரம் செல் ஒன்றாக ஒட்டினால் ஒளிக்கு அது ஒரே பொருள். உலர் எடையைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஆக்சிஜன் தேவை மட்டும் சரிகிறதா: ஓ.டி. செத்த செல்லையும் கணக்கில் வைத்திருக்கிறது. மெத்திலீன் நீலம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், செத்தது நீலமாகும்.

எல்லா எண்ணும் ஒரே கணத்தில் தாவுகிறதா: மின்சாரம் போய் வந்திருக்கும். கலக்கி, பம்பு, பலகை மூன்றும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். பலகை மட்டும் ஓடி, கலக்கி நின்றால், ஈஸ்ட் அடியில் படிவதை அழகாகப் பதிவு செய்து வைத்திருக்கும்.

ஆலைத் தொட்டியும் காப்பித் தொட்டியும்

ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் மாவும் நாரும் மிதக்கும், அங்கே ஓ.டி. சென்சார் உதவாது. சாண எரிவாயு முறையில் செரித்த பிறகு வரும் காற்றூட்டத் தொட்டியில் ஒளி ஆக்சிஜன் சென்சார் நன்றாக உழைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளார்க் மின்முனையின் வெள்ளியைக் கெடுக்கும். ஒளிப் பொட்டை அப்படிக் கெடுக்காது. லிட்டருக்கு 2 மி.கி. ஐ ஒட்டி வைத்துக் காற்றுப் பம்பை நிறுத்தி ஓட்டினால் மின்கட்டணம் மிஞ்சும். ஆனால் பொட்டின் மேல் கிருமிப் படலம் படிந்தால், அந்தப் படலமே ஆக்சிஜனைத் தின்று தொட்டியில் இல்லை என்று காட்டும். பம்பு இரவெல்லாம் வீணாக ஓடும். தினம் ஒருமுறை மெல்லிய ஈரத்துணியால் துடைக்க ஆளை நியமிக்க முடியாவிட்டால் இந்தச் சென்சாரை வாங்காதீர்கள்.

ஏற்காட்டில் பழம் உரித்த காப்பிக் கொட்டையின் வழவழப்புப் புளித்துக் கழலும் தொட்டியிலும் ஓ.டி.க்கு வேலையில்லை. ஆக்சிஜன் சென்சாரின் எண்ணும் சீக்கிரமே பூஜ்யத்தில் படுத்துவிடும், பிறகு அது சொல்ல ஒன்றுமில்லை. வெப்பமானியும் கண்ணாடி பி.எச். மின்முனையுமே அங்கே பயன். ஒளியை நுழைக்க வேண்டுமென்றால், தொட்டி நீரைத் துளி எடுத்து வடித்து, ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் (கரைந்த சர்க்கரையின் அளவு) பாருங்கள்.

ஈஸ்ட் ஃபெர்மென்டரை மலையில் ஓட்டுபவர்களுக்குப் பனிமூட்டம் ஒரு தனிப் பகை. பிளாங்க் எடுக்கும்போது குளிர்ந்த கண்ணாடிக் குழாயின் வெளிப்புறத்தில் ஈரம் பூக்கும். அந்தக் கலங்கலையும் சேர்த்துப் பிளாங்க் என்று பதிவு செய்துவிட்டால், குழாய் சூடேறி ஈரம் போனதும் ஓ.டி. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கட்டையின் பக்கத்தில் 100 ஓம் 5 வாட் மின்தடை ஒன்றை ஒட்டி 12 வோல்ட் கொடுங்கள். ஒன்றரை வாட் சூடு போதும். கட்டை 35 டிகிரியைத் தொட்டு நிலைத்த பிறகு பிளாங்க் எடுங்கள். மூடிய பெட்டிக்குள் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் போட்டு வையுங்கள்.